பந்துக்கு முன்னால் ஓடும் கண்

விளையாட்டுப் பிள்ளைகளின் காலுக்கும் கைக்கும் பயிற்சி தருகிறோம். கண்ணை மட்டும் அதன் போக்கில் விட்டுவிடுகிறோம். கோவில்பட்டி ஹாக்கி மைதானத்திலிருந்து குளத்தூர்ப் பள்ளிக்கூடப் பொட்டல் வரை இனி கவனிக்க வேண்டிய சங்கதி இது.

ஹாக்கியில் பெனால்டி கார்னரைத் தடுக்க நிற்கும் கோல்கீப்பருக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை நொடி. பந்து அடிக்கப்படும் வட்டத்தின் விளிம்பு கோல் கோட்டிலிருந்து 14.63 மீட்டர். தேர்ந்த டிராக்-ஃபிளிக்கர் மட்டையால் இழுத்து வீசும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். கண்ணில் பட்டதை மூளை வாங்கிக் கைகாலை அசைக்கத் தொடங்கவே 0.2 நொடி போய்விடும். மிச்சமிருக்கும் 0.3 நொடிக்குள் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோலின் எந்த மூலைக்கு என்று தீர்மானித்து, பாய்ந்தும் முடித்துவிட வேண்டும்.

பந்து கிளம்பிய பிறகு பார்த்துப் பாய்கிறவருக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் கட்டாது. அதனால் நல்ல கோல்கீப்பர் பந்து கிளம்பும் முன்பே வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். ஃபிளிக்கரின் முன்னங்கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, மட்டையின் முகம் எவ்வளவு விரிந்திருக்கிறது, பந்து உடம்பை ஒட்டி வருகிறதா விலகி வருகிறதா என்று பந்தின் ஜாதகத்தையே பார்த்துவிடுகிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டத்தின் கடைசி நொடிகளில் வந்த பெனால்டி கார்னரை இந்தியக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். இந்தியா 5-4 என வென்றது. 2024-ல் பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக, அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியபின், பத்துப் பேருடன் தாக்குப்பிடித்த அணிக்கு ஷூட்-அவுட்டை 4-2 என முடித்துக் கொடுத்ததும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 36. இருபது வயதின் கால் வேகம் 36-ல் இருக்காது. வயது ஏற ஏறக் கூடிக்கொண்டே போகக்கூடியது ஒன்று உண்டு. எதை, எப்போது பார்ப்பது என்ற கண்ணின் அறிவு.

அந்த அறிவைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? முடியும். கண்ணைப் பயிற்றுவது என்ற பெயரில் உலகத்தில் விற்கப்படுவதில் பெரும்பகுதி அதுவாக இல்லை என்பதுதான் சிக்கல்.

தீப்பெட்டி ஊரின் ஹாக்கி

தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன கோவில்பட்டிக்கு ஹாக்கி மூன்றாவது அடையாளம். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் முன்னணி அணிகள் இங்கே வந்து ஆடுகின்றன. கிருஷ்ணா நகரில் செயற்கைப் புல்வெளி (டர்ஃப்) மைதானம் இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி சிறப்பு விடுதி இருக்கிறது. 2022 மே மாதம் ஆடவர் ஜூனியர் தேசிய சாம்பியன்ஷிப் இந்த ஊரில்தான் நடந்தது.

அதே மே மாதம் ஜகார்த்தாவில் தொடங்கிய ஆசியக் கோப்பையில், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டி விடுதியில் பயிற்சி பெற்ற செல்வம் கார்த்தியும் இந்திய அணிச் சட்டையுடன் களம் இறங்கினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா வெண்கலத்தோடு திரும்பியது. கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தியச் சட்டை எட்டாக் கனி இல்லை என்பதற்கு அந்த ஜகார்த்தா அணிப் பட்டியலே சாட்சி.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும் டர்ஃபில் தொடங்குவதில்லை. விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர் போன்ற ஊர்களில் விளையாட்டு என்றால் பள்ளிக்கூடப் பொட்டல்தான். இல்லாவிட்டால் அறுப்பு முடிந்து வெறுமையாகக் கிடக்கும் புஞ்சை. வெயில் காலத்தில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் உருளும் பந்து எந்த நிமிடம் எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் அங்கே வளரும் பிள்ளை கடைசி வரை பந்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பழகுகிறது. கையும் மட்டையும் சட்டெனத் திருத்திக்கொள்ளும் திறமையும் கூடவே வந்துவிடுகிறது. அது ஒரு பெரிய வரம்.

தண்ணீர் தெளித்த டர்ஃபில் அதே பிள்ளை நிற்கும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. பந்து கோடு போட்டதுபோல் நேராக வரும். வேகம் கூடுதலாக இருக்கும். அங்கே பந்தையே பார்த்துக் குனிந்து ஓடுகிறவருக்கு, பக்கவாட்டில் காலியாக நிற்கும் சக வீரர் தெரிய மாட்டார். பின்னாலிருந்து பந்தைப் பறிக்க வருகிறவரும் தெரிய மாட்டார். “ஏலே, குனிஞ்சே ஓடாதல, நிமுந்து பாருல!” என்று பயிற்சியாளர்கள் மைதான ஓரத்தில் தொண்டை கிழியக் கத்துவது இதற்காகத்தான். கத்தினால் தலை ஒருமுறை நிமிரும். நிமிர்ந்த தலை எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர வேறு வழி வேண்டும்.

கண் எப்படிப் பார்க்கிறது?

நம் கண் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் துல்லியமாகப் பார்ப்பதில்லை. விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழிதான் துல்லியத்துக்கு. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அளவு இடம் மட்டுமே ஒரு சமயத்தில் முழுக் கூர்மையோடு தெரிகிறது. அதைச் சுற்றியுள்ளது ஓரப் பார்வை. ஓரப் பார்வைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அசைவைப் பிடிப்பதில் கெட்டி. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கண் தாவும்போது, அந்தத் தாவல் நேரத்தில் மூளை காட்சியைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறது. கண்ணை அலைபாய விடுகிறவர் ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் குருடாகிறார்.

சொட்டாங்கல் ஆடும் சிறுமியைக் கவனித்தால் இந்த இரண்டு பார்வையும் சேர்ந்து வேலை செய்வது பளிச்சென்று தெரியும். ஒரு கல்லை மேலே வீசுகிறாள். முகம் அந்தக் கல்லோடு மேலே போகிறது. அதற்குள் கை தரையில் கிடக்கும் கற்களை வாரிக்கொண்டு, விழுகிற கல்லையும் ஏந்திவிடுகிறது. வார வேண்டிய கற்கள் எங்கே கிடக்கின்றன என்பதை வீசும் முன்பே ஒரு பார்வையில் எடுத்துக்கொண்டாள்; வாரும்போது ஓரப் பார்வை கைக்கு வழிகாட்டியது. பந்தை மட்டையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து ஓடுகிற ஹாக்கி வீரர் செய்ய வேண்டியதும் இதே வேலை. பந்து கீழ் ஓரப் பார்வையில் இருக்கட்டும். நடுப் பார்வை மைதானத்துக்கு வேண்டும். சொட்டாங்கல் ஆடினால் ஹாக்கி தானாக வந்துவிடாது. ஆனால் நம் பிள்ளைகளின் கண்ணுக்கு இது புதுச் சரக்கில்லை. அதை மட்டையோடும் பந்தோடும் பழக்கிக் கொடுத்தால் போதும்.

ஆய்வுகள் சொன்ன மூன்று

‘பந்திலிருந்து கண்ணை எடுக்காதே’ என்பது எல்லா மைதானத்திலும் ஒலிக்கும் உபதேசம். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் இருவரும் 2000-ல் கிரிக்கெட் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது நடந்தது வேறாக இருந்தது. பந்து எறியும் இயந்திரத்திலிருந்து பந்து கிளம்புவதை பேட்ஸ்மேன்கள் பார்த்தார்கள். பிறகு கண் பந்தை விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிப்போய்க் காத்திருந்தது. குத்தி எழும்பியதும் சிறிது நேரம் பின்தொடர்ந்தது. ஆட்டத்தில் தேர்ந்தவர் மற்றவர்களைவிடச் சீக்கிரம் தாவினார். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களை ஆராய்ந்த டெரி பஹில் 1984-லேயே இன்னொன்றைச் சொல்லியிருந்தார்: மட்டையை நெருங்கும் கடைசிச் சில அடிகளில் எவர் கண்ணாலும் பந்தைப் பின்தொடர முடியாது. ஆக முதல் பாடம், கண் பந்துக்குப் பின்னால் ஓடக் கூடாது. முன்னால் ஓட வேண்டும்.

இரண்டாவது, குறைவாகப் பார், நின்று பார். 2002-ல் ஹெர்ட் சேவல்ஸ்பர்க் குழு கால்பந்து கோல்கீப்பர்களை வைத்து நடத்திய ஆய்வில், தேர்ந்தவர்களின் கண் குறைவான இடங்களில், ஒவ்வொன்றிலும் கூடுதல் நேரம் நிலைத்தது. உதைக்கும் காலோடு, தரையில் ஊன்றும் காலையும் அவர்கள் கவனித்தார்கள். கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1996-ல் கூடைப்பந்து வீரர்களிடம் கண்டதும் இதை ஒட்டியதுதான். ஃப்ரீ த்ரோ எறிவதற்கு முன் வளையத்தின்மேல் பார்வை எவ்வளவு சீக்கிரம் பதிந்து நிலைக்கிறதோ, அவ்வளவு நன்றாக எறிகிறார்கள். 6.40 மீட்டரில் பெனால்டி ஸ்ட்ரோக் அடிக்கப்போகிறவருக்கும், பந்தைத் தொடும் முன் பார்வையை ஓரிடத்தில் ஊன்றிக்கொள்வது பழக்கமாக வேண்டும்.

மூன்றாவது, பந்து வருமுன் சுற்றிப் பார். நார்வேயின் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டங்களை ஆராய்ந்து, பந்து தன்னிடம் வரும் முன் அதிகம் திரும்பிப் பார்க்கும் வீரர்களின் பாஸ்கள் அதிகம் சரியாகப் போய்ச் சேர்வதைக் காட்டினார். ஃபிராங்க் லாம்பார்ட் அதில் முன்வரிசை. பந்து வந்தபிறகு யோசிப்பவருக்கு நேரம் இல்லை. வருமுன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டவருக்கு நேரம் இருக்கிறது.

பார்வைப் பயிற்சியை மைதானத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஷெரில் கால்டர் முக்கியமானவர். தென்னாப்பிரிக்காவுக்காக ஹாக்கி ஆடியவர். பின்னர் பார்வைத் திறன் பயிற்சியாளரானார். 2003-ல் இங்கிலாந்தும் 2007-ல் தென்னாப்பிரிக்காவும் ரக்பி உலகக் கோப்பையை வென்றபோது இரண்டு அணிகளிலும் அவர் வேலை பார்த்திருந்தார்.

ஒற்றைக் கண்ணில் ஒரு சதம்

பார்வையின் கூர்மை வேறு, பார்க்கும் அறிவு வேறு என்பதற்குச் சென்னையே கண்ட சாட்சி கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி. 1961 ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் அவருடைய வலது கண் பார்வை போனது. ஒற்றைக் கண்ணில் ஆழம் சரியாகத் தெரியாது. ஒரு பந்து இரண்டாகத் தெரியும் தொல்லை வேறு. அவர் வலையில் நின்று ஆட்டத்தை முதலிலிருந்து கற்றுக்கொண்டார். ஆறே மாதத்தில், 1962 ஜனவரியில், மெட்ராஸ் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்துக்கு எதிராக 103 ரன் எடுத்தார். அந்த டெஸ்ட்டை இந்தியா வென்றது. தொடரையும் 2-0 எனக் கைப்பற்றியது. கெட்டது கண், கற்றது பார்வை.

டேவிட் மானும் சக ஆய்வாளர்களும் 2007-ல் இதைச் சோதனையாகவே செய்தார்கள். பேட்ஸ்மேன்களின் பார்வையை கான்டாக்ட் லென்ஸ் வைத்து வேண்டுமென்றே மங்கலாக்கி, பந்து எறியும் இயந்திரத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். +1, +2 பவர் வரை மங்கலாக்கியும் ஆட்டம் பெரிதாகக் கெடவில்லை, +3-ல்தான் கெட்டது.

இதைக் கேட்டு ‘அப்படியானால் கண்ணாடி எதற்கு?’ என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த பேட்ஸ்மேன்கள் ஏற்கெனவே பார்க்கக் கற்றவர்கள். கற்கும் வயதில் இருக்கும் பிள்ளைக்கு எதிராளியின் மணிக்கட்டு தெளிவாகத் தெரிந்தால்தான் அதை வாசிக்கவே பழக முடியும்.

கடையில் கிடைக்காத பயிற்சி

விளையாட்டுக் கண் பயிற்சி இன்று பெரிய வியாபாரம். விட்டுவிட்டு இருளும் கண்ணாடிகள், விளக்கு மின்னும் பலகைகள், செல்போன் செயலிகள் என்று சந்தை நிறைந்து கிடக்கிறது. சிலவற்றில் பலன் தெரிந்ததாக ஆய்வுகளும் உண்டு. சின்சினாட்டி பல்கலைக்கழக பேஸ்பால் அணி இத்தகைய பயிற்சிக்குப் பின் 2011 பருவத்தில் அணியின் பேட்டிங் சராசரியை .251-லிருந்து .285-க்கு உயர்த்தியது. ஆனால் பயிற்சி இல்லாத இன்னோர் அணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட சோதனை அல்ல அது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபெர்னதியும் ஜோஆன் வுட்டும். 2001-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், பொதுவான கண் பயிற்சிகளைச் செய்தவர்கள், செய்யாதவர்களைவிட ஆட்டத்தில் ஒன்றும் முன்னேறவில்லை.

‘அல்டிம்ஐஸ்’ என்ற செயலி பார்வையையே மேம்படுத்தும் என்று விளம்பரம் செய்தது. போதிய ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொன்னதற்காக அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2015-ல் நடவடிக்கை எடுத்தது; நிறுவனம் 1,50,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தீப்பெட்டி ஆலைக் கூலியிலும் மானாவாரி வெள்ளாமையிலும் பிள்ளையை ஆளாக்கும் பெற்றோர், இப்படி ஒன்றை நம்பிக் காசைக் கரைக்கக் கூடாது. புள்ளிகளைத் துரத்திப் பழகிய கண் புள்ளிகளைத் துரத்துவதில்தான் கெட்டிக்காரக் கண் ஆகும். ஹாக்கிக் கண் வேண்டுமானால் ஹாக்கிக்குள்தான் பழக்க வேண்டும்.

கிரிக்கெட்டின் பிராட்மன் சிறுவயதில் பௌரல் ஊரில், தண்ணீர்த் தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை அடித்து, தாறுமாறாகத் திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் மறுபடி அடித்துப் பழகினார். ஹாக்கியின் தியான் சந்த் நிலவொளியில் பயிற்சி செய்ததால்தான் பெயரோடு நிலவைக் குறிக்கும் ‘சந்த்’ சேர்ந்தது என்று சொல்வார்கள். இருவருக்கும் கருவி எதுவும் வாங்கித் தரப்படவில்லை. இருந்த இடத்தில், ஆடுகிற ஆட்டத்தை ஒட்டியே கண்ணைக் கஷ்டப்படுத்தினார்கள்.

பொட்டலிலும் செய்யலாம்

டர்ஃப் இல்லாத பள்ளியிலும் நாளைக்கே தொடங்கக்கூடிய நான்கு பயிற்சிகள்:

1. விரல் எண்: பந்தை மட்டையில் உருட்டிக்கொண்டு ஓடும்போது, எதிரே நிற்பவர் விரல்களைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுகிறவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பந்து ஓரப் பார்வைக்கு இறங்கும். தலை தானாக நிமிரும்.

2. பாதியில் நிறுத்திய படம்: பி.டி. வாத்தியாரின் செல்போனே போதும். கோல் கோட்டில் நின்றபடி, ஃபிளிக் அடிப்பவரை வீடியோ எடுக்க வேண்டும். பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்தி, ‘எந்த மூலை?’ என்று கேட்டு, பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். பழகப் பழக இன்னும் முன்னதாக நிறுத்தலாம். அபெர்னதி பேட்மின்டன் வீரர்களிடம் 1980-களில் இந்த முறையைத்தான் கையாண்டு, தேர்ந்தவர்கள் எதிராளியின் கையசைவிலேயே இறகுப்பந்தின் போக்கைக் கண்டுகொள்வதைக் காட்டினார்.

3. தோளுக்குப் பின்னால்: பாஸ் வாங்கப் போகிறவருக்குப் பின்னால் ஒருவர் சிவப்புத் துணியோ மஞ்சள் துணியோ தூக்கிக் காட்ட வேண்டும். பந்து வந்து சேரும் முன் திரும்பிப் பார்த்து நிறத்தைச் சொன்னால்தான் அந்த பாஸ் கணக்கில் சேரும்.

4. ஊன்றிய பார்வை: ஸ்ட்ரோக் அடிக்கும் முன், குறி வைத்த மூலையில் ஒரு நொடி, பிறகு பந்தில் ஒரு நொடி. அதற்கு மேல் கண் எங்கும் போகக் கூடாது. கோல்கீப்பரின் முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

முதலில் சோதனை

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஈரம் பார்க்காமல் எந்தச் சம்சாரியும் விதைப்பதில்லை; கண்ணைச் சோதிக்காமல் பிள்ளைக்குப் பயிற்சி தருவதும் அதே போன்ற வேலைதான். தூரத்துப் பந்து மங்கலாகத் தெரிகிற பிள்ளை ‘எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்’ என்று நினைத்துக்கொள்கிறது. அடுத்தவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பாஸைத் தவறவிட்டால் ‘சோம்பேறி’, ‘கவனமில்லை’ என்ற பேர்தான் மிஞ்சுகிறது. பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் சேருகிறது: கண்ணாடி போட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற வீட்டுப் பயம். எளிதில் உடையாத பாலிகார்பனேட் வில்லையும், தலையைச் சுற்றிக் கட்டும் பட்டியும் உள்ள விளையாட்டுக் கண்ணாடிகள் வந்துவிட்டன. அவை மட்டையடியிலிருந்தும் கண்ணைக் காக்கும்.

கண் வைத்தியத்தில் இந்த மண்ணுக்கு இருக்கும் பெருமை சாதாரணமானதல்ல. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, எட்டயபுரம் பக்கத்து அயன் வடமலாபுரத்தில் 1918-ல் பிறந்தவர். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கி, அதே விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அவர் பிறந்த கரிசல் காட்டில் ஒரு பிள்ளை மங்கிய பார்வையோடு மைதானத்தில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

மைதானம் கண்ணுக்குத் திருப்பித் தருவதும் உண்டு. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் இருக்கவைத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி வெளியில் விடாத பள்ளிகளில் அது 39.5 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். கரிசல் காட்டு வெயிலோ பல பத்தாயிரம் லக்ஸ். விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் பாடத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பள்ளியும் இந்த எண்களைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று இந்த வட்டாரத்தில் மட்டை பிடிக்கும், பந்து தொடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கண் பரிசோதனை. தேவைப்பட்டவர்களுக்கு விளையாட்டுக் கண்ணாடி. விடுதித் தேர்விலும் மாவட்டத் தேர்விலும் ஓட்ட வேகத்தைக் கடிகாரம் வைத்து அளப்பதோடு, ஆட்டத்தை வாசிக்கும் திறனையும் பாதியில் நிறுத்திய படத்தை வைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்தால், டர்ஃபையே மிதிக்காத ஒரு குளத்தூர்ப் பிள்ளையும் தேர்வாளர் கண்ணில் படும். பி.டி. ஆசிரியர்களுக்கு இதற்கென ஒருநாள் பயிற்சி முகாம் நடத்துவது விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குப் பெரிய செலவும் அல்ல. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இதைத் தொடங்கிவிடலாம். இந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையிடமிருந்தே.